266-ஆ, 86-ஆ? ஒரு மெல்லிய உருளையின் கணக்கு

சரிபார்க்கச் சொல்லி என்னிடம் வந்த அறிக்கை 40 பக்கம். வண்ணப் படங்களைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் அது சொல்ல வந்தது ஒரே வரிதான்: உருளை 266 கிலோநியூட்டனில் நெளியும், அதன்மேல் வரப்போகும் சுமை 120, எனவே பாதுகாப்புக் காரணி 2.2.

பொருள் எளிமையானது. அலுமினியக் கலப்புலோகத் தகட்டை வளைத்துப் பற்றவைத்த உருளை. ஆரம் 500 மில்லிமீட்டர், உயரம் 1,000, சுவரின் தடிமன் 1. மேலும் கீழும் கனமான வளையங்கள். சோதனை மேடை ஒன்றில் கருவியைத் தாங்கி நிற்பது இதன் வேலை. சுமை நேர்கீழாக, அச்சின் வழியே வருகிறது. சுவரில் துளை, கதவு எதுவும் கிடையாது.

தகைவை, அதாவது ஓரலகுப் பரப்பில் விழும் விசையை, மட்டும் பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை. 120 கிலோநியூட்டனைச் சுவரின் குறுக்குவெட்டுப் பரப்பால் வகுத்தால் 38 மெகாபாஸ்கல் வருகிறது. அந்த உலோகம் நிரந்தரமாக உருக்குலைய ஆரம்பிக்க 270 வாக்கில் வேண்டும். அறிக்கையின் தகைவுப் படங்கள் எல்லாம் நீலமாகவே இருந்ததில் ஆச்சரியமில்லை. ஆனால் தடிமனைப் போல 500 மடங்கு ஆரம் உள்ள ஓடு (மெல்லிய வளைந்த சுவருக்கு நாங்கள் சொல்லும் பெயர்), உலோகம் களைப்பதற்கு வெகு முன்பே வடிவத்தைக் கைவிட்டுவிடும். பக்ளிங் என்று நாம் சொல்கிற இந்த நெளிவுதான் இங்கே தீர்மானிக்கிற விஷயம். அறிக்கை எழுதிய இளம் பொறியாளருக்கும் அது தெரிந்திருந்தது. மூன்று வாரம் அதற்காகவே உழைத்திருந்தார்.

தாளில் வந்த விடை

அச்சு வழியே அழுத்தப்படும் மெல்லிய உருளைக்கான சூத்திரம் நூறாண்டுப் பழசு. லோரன்ஸ் 1908-லும், டிமோஷென்கோ 1910-லும், சவுத்வெல் 1914-லும் அதைத் தந்தார்கள். பாய்சான் விகிதம் (அழுத்தும்போது உலோகம் பக்கவாட்டில் விரியும் பங்கு) 0.3 என்றால், நெளிவுத் தகைவு = 0.605 × யங் குணகம் × தடிமன் ÷ ஆரம். யங் குணகம் என்பது உலோகத்தின் விறைப்பு. அலுமினியத்துக்கு யங் குணகம் 70,000 மெகாபாஸ்கல். கணக்குப் போட்டால் 84.7 வருகிறது. பரப்பால் பெருக்கினால் 266 கிலோநியூட்டன், அதாவது சுமார் 27 டன். இதில் ஒரு வேடிக்கை உண்டு. மொத்தச் சுமையாக எழுதும்போது ஆரம் அடிபட்டுப் போய்விடும்: 3.8 × யங் குணகம் × தடிமனின் வர்க்கம். உருளை அகலமானாலும் ஒடுங்கினாலும் அந்தச் சுமை மாறுவதில்லை.

இந்த எண்ணைக் கணினியிலும் பார்த்துவிட வேண்டும் என்று அவர் பட்ட பாட்டைப் பின்னிணைப்பு சொன்னது. உருளையைச் சிறு துண்டுகளாக, அதாவது எலிமெண்டுகளாக, பிரித்துக் கணினி கணக்கிடும்; அந்தத் துண்டுகளின் வலைதான் மெஷ். முதல் ஓட்டத்தில் எலிமெண்டின் பக்கம் 25 மில்லிமீட்டர், மொத்தம் சுமார் 5,000 எலிமெண்ட். விடை 266-க்கு எங்கோ மேலே போய் நின்றது. மெஷ்ஷை நுணுக்க நுணுக்கக் கீழே இறங்கியது. 5 மில்லிமீட்டருக்கு வந்தபோது எலிமெண்டுகள் 1,25,000-ஐத் தாண்டியிருந்தன. விடையும் சூத்திரத்துக்குச் சில விழுக்காடு பக்கத்தில் வந்துவிட்டது. அத்தோடு நிறுத்தி, அறிக்கையில் சூத்திர எண்ணையே போட்டுவிட்டார்.

25 ஏன் போதவில்லை? ஓட்டுக் கணக்கில் பழகியவர்கள் மாடல் கட்டுவதற்கு முன் ஒரு எண்ணைப் போட்டுப் பார்ப்பார்கள்: ஆரத்தையும் தடிமனையும் பெருக்கி வர்க்கமூலம். இங்கே அது 22.4 மில்லிமீட்டர். நெளிவின் அரை அலைநீளம் இதைப்போல் 1.73 மடங்கு, அதாவது 38.6 மில்லிமீட்டர். ஒரு மீட்டர் உயர உருளையில் நெளிவு இரண்டு விரல் அகலத்துக்குத்தான் சுருக்கம் சுருக்கமாக விழப் பார்க்கிறது. 25 மில்லிமீட்டர் எலிமெண்டை வைத்தால் ஓர் அரை அலைக்கு ஒன்றரை எலிமெண்ட். நெளிநெளியான கோட்டை நீளமான நேர்க்குச்சிகளால் வரைவது போல. 5 மில்லிமீட்டரில் ஏறக்குறைய எட்டு கிடைக்கிறது, அது போதும்.

இன்னொரு காரணம் எலிமெண்டுக்குள்ளேயே இருந்தது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் மெல்லிய கட்டமைப்புகளுக்கான எண்முறைகளின் பாதி வரலாறு இதற்குள்தான் அடங்கியிருக்கிறது.

25 மில்லிமீட்டர் நீளம், 1 மில்லிமீட்டர் தடிமன் உள்ள ஒரு பட்டையை எடுத்துக்கொள்வோம். ஒரு முனையை இறுகப் பிடித்து மறுமுனையை அழுத்துகிறோம். ஷியரையும் (பொருளின் அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று நழுவுவது) கணக்கில் எடுக்கும் இரு முனை நேரியல் எலிமெண்ட் ஒன்றே ஒன்றால் இதை மாடல் செய்து, தொகையீட்டை (எலிமெண்டுக்குள் சில புள்ளிகளில் மதிப்பெடுத்துக் கூட்டுவது) முழுத் துல்லியமாகப் போட்டால், உண்மையான தாழ்வில் எத்தனை பங்கு கிடைக்கும்? தாளிலேயே கணக்கிடலாம்: 3.12-ஐ நீளம்-தடிமன் விகிதத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 3.12 ÷ 625, அரை விழுக்காடு. பட்டை உண்மையில் இருப்பதைவிட 200 மடங்கு விறைப்பாகத் தெரிகிறது! அதே எலிமெண்டில் ஷியர் பகுதியை மட்டும் நடுவில் ஒரே புள்ளியில் தொகையிட்டால் விடை 75 விழுக்காட்டுக்குத் தாவிவிடும். சூத்திரம், உலோகம், சுமை எதுவும் மாறவில்லை. தொகையீட்டுப் புள்ளிகளில் ஒன்று குறைந்தது, அவ்வளவுதான்.

இப்படி இறுகிப்போவதைத்தான் ஷியர் லாக்கிங் என்கிறார்கள். மெல்லிய பொருள் வளையும்போது ஷியர் திரிபு, அதாவது அந்த நழுவலின் அளவு, கிட்டத்தட்ட பூஜ்யம். எளிய எலிமெண்டின் இடப்பெயர்ச்சிச் சார்புகளால் அந்தப் பூஜ்யத்தைக் காட்ட முடிவதில்லை, வளையாமலே இருந்தால் ஒழிய. ஆகவே அது வளைய மறுக்கிறது. ஷியரே இல்லாத கிர்ச்சாஃப்–லவ் கோட்பாட்டுக்கே போய்விடலாமே என்றால், அங்கே பக்கத்துப் பக்கத்து எலிமெண்டுகளின் சரிவும் தொடர்ச்சியாக இருந்தாக வேண்டும். சாதாரண எலிமெண்டுகளுக்கு அது எளிதில் வசப்படாது. அதனால் பெரும்பாலோர் ரைஸ்னர் (1945), மிண்ட்லின் (1951) வழியில் சுழற்சியைத் தனி மாறியாக விட்டுவிட்டு, லாக்கிங்கோடு மல்லுக்கட்டினார்கள். 1971-ல் ஜென்கிவிச், டெய்லர், டூ மூவரும் குறைத்த தொகையீட்டைக் கொண்டுவந்தார்கள். அது லாக்கிங்கைத் தீர்த்தது. பதிலுக்கு, எந்த ஆற்றலும் செலவாகாமல் மெஷ் மணற்கடிகாரம் போல நெளியும் வேறொரு நோய் வந்தது. 1984-ல் டுவோர்கினும் பாத்தேயும் ஷியர் திரிபை விளிம்பு நடுப்புள்ளிகளில் மட்டும் எடுத்து இடையில் நிரப்பும் நான்கு முனை எலிமெண்டைத் தந்தார்கள். இன்றும் பல மென்பொருள்களுக்குள் ஓடிக்கொண்டிருப்பது அதுவோ அதன் தம்பியோதான். 2005-க்குப் பிறகு, கணினியில் வளைவுகளை வரையப் பயன்படும் ஸ்ப்லைன் சார்புகளையே கணக்குக்கும் பயன்படுத்தும் ஐசோஜியோமெட்ரிக் முறை வந்தது. சரிவுத் தொடர்ச்சி அதில் தானாகவே கிடைப்பதால், கிர்ச்சாஃப்–லவ் ஓடுகளுக்கு மறுபடியும் மவுசு.

நம் பொறியாளர் முதலில் எடுத்தது முழுத் தொகையீட்டு எலிமெண்ட். பிறகு மாற்றிக்கொண்டார். மாற்றியதைச் சரிபார்க்க ஸ்கோர்டெலிஸ்–லோ கூரையையும் ஓட்டிப் பார்த்திருந்தார்: தன் எடையால் தாழும் உருளைவடிவக் கூரை, தாங்கல் இல்லாத விளிம்பின் நடுவில் தாழ்வு 0.3024 வரவேண்டும், வந்திருந்தது. ஒழுங்கான வேலை. ஆனால் அது நேரியல் சோதனை, சுமைக்கு நேர்விகிதத்தில்தான் தாழ்வு என்று எடுத்துக்கொள்வது. எலிமெண்ட் நல்லது என்று சொல்லும். நெளிவைப் பற்றி வாய் திறக்காது.

எல்லாம் சரி, அப்புறம்?

அவரைப் பேச அழைத்தேன். "சார், மெஷ் சரி, எலிமெண்ட் சரி, எல்லை நிபந்தனையும் சரி. சூத்திரத்தோடும் ஒத்துப்போகிறது. அப்போ எதைத் தப்பு என்கிறீர்கள்?" என்றார். தப்பு எதுவும் இல்லை என்றுதான் நானும் சொன்னேன். ஆனால் அவர் கணக்குப் போட்ட உருளை உலகத்தில் எங்கும் கிடையாது. பட்டறையிலிருந்து வரப்போவது வேறு உருளை.

மேசையில் ஒரு காலி குளிர்பான கேன் இருந்தது. ஆரம் 33 மில்லிமீட்டர், சுவர் சுமார் 0.1. அதே சூத்திரத்தைப் போட்டால் 2.66 கிலோநியூட்டன், 270 கிலோ எடை தாங்க வேண்டும். 70 கிலோ ஆள் ஒருவர் பார்த்து நிதானமாக ஏறினால் நசுங்காத கேன் அவரைத் தாங்கும். அப்படி நிற்கும்போதே வேறொருவர் பக்கவாட்டில் பேனாவால் ஒரு தட்டுத் தட்டினால் போதும், ஒரே சத்தத்தில் தரைமட்டம். 270 தாங்க வேண்டியது 70-ல் போகிறது, காரணம் ஒரு தட்டு.

1930-களிலேயே ஆய்வகங்களில் இது தெரிந்துவிட்டது. உருளைகளை அழுத்திப் பார்த்தால் சூத்திரம் சொன்னதில் பாதிகூடத் தாங்காமல் நெளிந்தன, ஒரே மாதிரி செய்த உருளைகளும் வெவ்வேறு சுமையில் விழுந்தன. 1941-ல் வான் கார்மனும் சியேனும், நெளிந்த பிறகு உருளையைப் பிடித்து நிறுத்தத் தேவைப்படும் சுமை சட்டென்று கீழே விழுகிறது என்று காட்டினார்கள். முழு விளக்கம் கோய்ட்டருடையது. டெல்ஃப்டில் 1945-ல் டச்சு மொழியில் வந்த அவருடைய முனைவர் ஆய்வேடு ஆங்கிலத்துக்கு வர 20 ஆண்டுக்கு மேல் ஆயிற்று. வடிவத்தில் இருக்கும் மிகச் சிறிய பிழை தாங்கும் சுமையை எவ்வளவு அரித்துவிடும் என்று அவர் கணக்காகவே தந்தார்.

உருளையின் சுவர் நெளிவு அலையின் வடிவிலேயே, சுற்றிலும் வளையம் வளையமாக, லேசாக அலையலையாக இருந்தால் என்று வைத்துக்கொண்டு அவர் சூத்திரத்தில் நம் எண்களைப் போட்டேன். அலையின் உயரம் 0.1 மில்லிமீட்டர், ஒரு ஏ4 தாளின் தடிமன். தாங்கும் சுமை 61 விழுக்காட்டுக்கு இறங்கி 163 கிலோநியூட்டன் ஆகிறது. உயரம் 0.5 மில்லிமீட்டர் என்றால் 35 விழுக்காடு, 92 கிலோநியூட்டன். நம் வேலைச்சுமை 120.

அரை மில்லிமீட்டர் என்பது மோசமான பட்டறை வேலையும் இல்லை. எஃகு ஓடுகளுக்கான ஐரோப்பிய விதித்தொகுப்பு ஆரம்-தடிமன் பெருக்கத்தின் வர்க்கமூலத்தைப்போல் நான்கு மடங்கு நீளமுள்ள அளவுகோலை வைத்துப் பள்ளத்தை அளக்கச் சொல்கிறது. நமக்கு அது 89 மில்லிமீட்டர். மிக உயர்ந்த தர வகுப்பிலேயே அதில் ஆயிரத்தில் 6 பங்கு அனுமதி, 0.54 மில்லிமீட்டர். கோய்ட்டரின் வளைய அலை படுமோசமான வடிவம், உண்மைப் பள்ளம் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும் என்பது சரிதான். ஆனாலும் எந்த அளவைப் பற்றிப் பேசுகிறோம் என்று இது காட்டிவிடுகிறது.

நாசாவின் எஸ்பி-8007 ஆவணம் வேறு வழியில் போகிறது. 1968 திருத்தத்தில், அதுவரை நடந்த சோதனைப் புள்ளிகளை எல்லாம் போட்டு, அடியில் ஒரு வளைகோடு இழுத்திருக்கிறார்கள். ஆரம்-தடிமன் விகிதம் 500-க்கு அந்தக் கோடு தரும் குறைப்புக் காரணி 0.32. 266 × 0.32 = 86. எட்டே முக்கால் டன். அறிக்கையின் 2.2 அந்த நிமிடமே 0.7 ஆகிவிட்டது.

பிழையோடு ஓட்டிய ஓட்டங்கள்

சூத்திரத்தால் கீழே தள்ளியது போதாது, நம் உருளைக்கென்று கணக்குப் போட்டே தீர வேண்டும் என்றார் இளம் பொறியாளர். நல்ல பிடிவாதம். நேரியலற்ற ஓட்டங்களை ஆரம்பித்தோம்.

பிழையே இல்லாத உருளையை நேரியலற்ற முறையில் ஓட்டினால், 266-ஐத் தாண்டியும் அது கம்பீரமாகச் சுமை ஏந்திக்கொண்டு போகக்கூடும். படிப்படியாகத் திருத்தி விடைக்கு வரும் நியூட்டன் முறைக்குப் பக்கத்தில் பாதை பிரிவதே தெரியாது. விறைப்பு எண்களின் அணியைப் (மேட்ரிக்ஸ்) பிரிக்கும்போது மூலைவிட்டத்தில் எதிர்க்குறி எண்கள் வந்ததா என்று பார்த்தால்தான் பிடிபடும். மென்பொருள் அதை எச்சரிக்கையாக எழுதும். நாம் எச்சரிக்கைகளைப் படிப்பதில்லை.

சரி, பிழையை உள்ளே வைப்போம். எந்த வடிவத்தில்? பலரும் செய்வது போல முதல் ஐகன் வடிவத்தை (மிகக் குறைந்த நெளிவுச் சுமைக்குரிய வடிவம்; அந்தச் சுமைதான் முதல் ஐகன் மதிப்பு) எடுத்து, அதைச் சுருக்கிச் சுவரில் ஏற்றலாம். உருளையில் இது வழுக்குப்பாறை. முதல் ஐகன் மதிப்புக்கு ஒட்டியே டஜன் கணக்கில் மற்ற மதிப்புகள் நெருக்கியடித்து நிற்கும். மெஷ்ஷைச் சற்று மாற்றினால் 'முதல்' இடத்துக்கு வேறொரு வடிவம் வந்துவிடும். கணக்கைச் சுருக்கக் கால் உருளையை மட்டும் மாடல் செய்தால் சமச்சீரில்லாத வடிவங்கள் அனைத்தும் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போகும். அதனால் முழு உருளையையே ஓட்டினோம், பல வடிவங்களை ஒவ்வொன்றாகவும் கலந்தும் ஏற்றினோம். இன்னொரு வழி, ஜெர்மனியில் ஹியூனேவும் கூட்டாளிகளும் 2008-ல் வெளியிட்டது, எனக்கு மிகவும் பிடித்தது. பிழையை வரையவே வேண்டாம். சுவரின் நடுவில் விரலால் குத்துவது போல ஒரு சிறு பக்கச்சுமை வைத்துவிட்டு, பிறகு அச்சு வழியே அழுத்துவது. பக்கச்சுமையைக் கூட்டக் கூட்ட நெளிவுச் சுமை இறங்கும். ஓரளவுக்குப் பிறகு இறக்கம் ஏறக்குறைய நின்று சமதளமாகும். அந்தச் சமதளத்தை வடிவமைப்புக்கு எடுத்துக்கொள்ளலாம். கேனில் பேனாவால் தட்டியதும் இதுவும் ஒரே யோசனைதான்.

ஓட்டுவதிலும் வம்பு இருந்தது. சுமையைப் படிப்படியாகக் கூட்டினால் உச்சத்துக்கு வந்ததும் கணக்கு ஒருங்காமல் நின்றுவிடும். நின்ற இடம் நெளிவா, வெறும் எண்கணிதச் சிக்கலா என்று தெரியாது. ரிக்ஸ் 1979-லும் கிரிஸ்ஃபீல்ட் 1981-லும் தந்த வில்நீள முறையில் சுமையும் இடப்பெயர்ச்சியும் சேர்ந்தே மாறிகள் போல நடத்தப்படுவதால், உச்சத்தைத் தாண்டிக் கீழே இறங்கும் பாதையிலும் போகலாம். ஆனால் உருளையின் பாதை மலையிறக்கம் போல இருக்காது. வந்த வழிக்கு ஒட்டியே பின்னோக்கி மடங்கும். எங்கள் ஓட்டங்களில் சில அங்கே திசை மாறி, ஏறிய பாதையிலேயே திரும்பி இறங்கின. சுமை குறைவதைப் பார்த்து 'நெளிந்துவிட்டது' என்று ஒருநாள் முழுக்க நம்பிக்கொண்டிருந்தோம். கடைசியில் சிறிது தணிப்புச் சேர்த்த இயக்கவியல் ஓட்டம்தான் அந்த இடங்களைக் கடத்திவிட்டது.

இதற்கிடையில் எதிர்பாராத இடத்தில் ஒரு எண் மாட்டியது. 120 கிலோநியூட்டனில் ஒரு மீட்டர் உருளை எவ்வளவு சுருங்குகிறது? 38.2-ஐ 70,000-ஆல் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் 0.55 மில்லிமீட்டர். மேல் வளையத்தின் முகம் ஒரு பக்கம் 0.2 மில்லிமீட்டர் உயர்ந்திருந்தாலே, மறுபக்கம் தொடும் முன் அந்தப் பக்கம் மொத்தச் சுருக்கத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாங்கிவிட்டிருக்கும். அறிக்கையில் சுமை சுற்றிலும் சமமாகப் பரப்பப்பட்டிருந்தது. சுவர்ப் பள்ளத்தைப் பற்றி இவ்வளவு பேசிய நாங்கள் வளையத்தின் சமதளத்தை மறந்தே போயிருந்தோம். முனைகளை வளையத்தோடு பிணைத்த விதமும் சும்மா இல்லை. ஓரத்தில் சுவர் சுற்றுத்திசையில் நழுவ விட்டுவிட்டால், பிழையற்ற உருளையின் நெளிவுச் சுமையே ஏறக்குறைய பாதியாகிவிடும்.

முடிவெடுத்தது

எங்கள் ஓட்டங்கள் எடுத்த பிழைக்குத் தகுந்தபடி சிதறி விழுந்தன. அரை மில்லிமீட்டர் பிழைக்கு 120-ஐ நிம்மதியாகத் தாண்டும் என்று அவற்றை வைத்து யாரும் கையெழுத்துப் போட முடியாது. பேச்சு வேறு பக்கம் திரும்பியது: சுவரைத் தடித்தால் என்ன? 1.2 மில்லிமீட்டருக்கு, நாசா காரணியையும் சேர்த்து, 134 கிலோநியூட்டன், காரணி 1.1 மட்டும். 1.5 மில்லிமீட்டருக்குச் சூத்திரச் சுமை 599, குறைப்புக் காரணி 0.387, தாங்குவது 232. பாதுகாப்புக் காரணி 1.9. தடிமன் ஒன்றரை மடங்கானால் சுமை 2.7 மடங்காகிறது, ஏனென்றால் தடிமனின் வர்க்கம் ஒருபக்கம் ஏற, உருளை 'குறைவாக மெல்லியதாக' ஆவதால் குறைப்பும் இளகுகிறது. எடை 8.5 கிலோவிலிருந்து 12.7 கிலோ ஆகும். உள்ளே விறைப்புப் பட்டைகள் வைப்பதையும் பேசினோம். அப்படிப்பட்ட ஓடுகள் பிழைக்கு இவ்வளவு அஞ்சுவதில்லை. ஆனால் பட்டையைப் பற்றவைக்கும் சூட்டில் 1 மில்லிமீட்டர் தகடு எப்படிக் கோணும் என்று பட்டறைக்காரர் சிரித்தபடி சொன்னதும் அதை விட்டுவிட்டோம்.

ராக்கெட்டில் இப்படித் தாராளமாக எடையைக் கூட்ட முடியாது. அங்கே ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்கு. பழைய அடிக்கோடு தேவைக்கு மேல் பயப்படுகிறது என்று நாசா 2007-லிருந்து அந்தக் காரணிகளையே மறுபடி ஆராய்ந்தது. 2011 மார்ச்சில், ஹன்ட்ஸ்வில்லில் உள்ள மார்ஷல் மையத்தில், 8.4 மீட்டர் விட்டமும் 6.1 மீட்டர் உயரமும் உள்ள அலுமினியம்-லித்தியம் உருளையைக் கிட்டத்தட்ட 10 லட்சம் பவுண்டு விசையில் நெளிய வைத்தார்கள். திரிபைக் கேமராவால் படிக்க அதன் உடம்பெல்லாம் கறுப்பு-வெள்ளைப் புள்ளிகள் இட்டிருந்தார்கள். எங்கள் மேடைக்கு நாலு கிலோ கூடுவதால் ஒன்றும் குறைந்துவிடாது; 1.5 மில்லிமீட்டரே என்று முடிவாயிற்று.

அறிக்கை இப்போது 22 பக்கம். பழைய முதல் வரி இருந்த இடத்தில் ஒரு சிறு அட்டவணை: பிழையின் ஆழம் ஒருபக்கம், தாங்கும் சுமை மறுபக்கம். வரைபடத்தில் இரண்டு குறிப்புகள் ஏறின. வளைய முகங்களின் சமதளம் 0.1 மில்லிமீட்டருக்குள். 110 மில்லிமீட்டர் நேர்விளிம்பை உயரவாக்கில் சுவரில் எங்கே வைத்தாலும், கீழே 0.6 மில்லிமீட்டர் ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடு) நுழையக்கூடாது.

உருளை வந்த அன்று பொறியாளரே நேர்விளிம்பைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி அளந்தார். பெரும்பாலான இடங்களில் 0.2-ஐக்கூடத் தொடவில்லை. பற்றவைப்புக் கோட்டின் ஓரத்தில், கீழ் வளையத்திலிருந்து ஒரு சாண் மேலே, ஓரிடத்தில் மட்டும் 0.4. அந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டு, அதே பள்ளத்தை மாடலில் வைத்து இன்னொரு ஓட்டம் ஓட்டக் கிளம்பிவிட்டார்.